பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லையா? ரிம்மில் கோட்டம் பாருங்கள்

கேள்வி: என் பிக்கப் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. 110 பக்கம் போனால் கொஞ்சம் அடங்குகிறது. மூன்று முறை வீல் பேலன்சிங் செய்துவிட்டேன். ஒரு மாதம் முன்பு லோடோடு போகும்போது முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் பலமாக இறங்கியது. அலாய் வீல் பெண்டு என்கிறார் ஒரு மெக்கானிக். டயர்தான் கோளாறு என்கிறார் இன்னொருவர். பெண்டு எடுக்கலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: நான்காவது முறை பேலன்சிங் செய்யப் போகாதீர்கள். சாதாரண பேலன்சிங் இயந்திரம் எடையைத்தான் பார்க்கும், சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று பார்க்காது. முட்டை வடிவச் சக்கரத்தைக்கூட அங்கங்கே ஈயம் ஒட்டி எடையில் சமன் செய்துவிடலாம். இயந்திரம் பூஜ்யம் காட்டும். ரோட்டில் இறங்கினால் குதிக்கும்.

வேகத்தைப் பொறுத்து நடுக்கம் கூடிக் குறைவதற்குக் காரணம் உண்டு. பிக்கப்களில் பரவலாக இருக்கும் 265/70 ஆர்17 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டரை மீட்டர் உருளும். 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர், அதாவது நொடிக்குப் பத்துச் சுற்று. கோட்டம் விழுந்த இடம் நொடிக்குப் பத்து முறை தரையைத் தட்டுகிறது. முன் சஸ்பென்ஷன் இயல்பாகவே அதிரக்கூடிய வேகத்துக்கு இது நெருக்கமாக வரும்போது நடுக்கம் உச்சத்துக்குப் போகும். தாண்டிவிட்டால் அடங்கியது போலத் தெரியும். அடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அடி அப்படியே பியரிங்கிலும் ஸ்டீயரிங் மூட்டுகளிலும் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

ரிம்மைக் குற்றம் சொல்லும் முன் சிலவற்றை ஒதுக்கிவிடலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள். ஸ்டீயரிங் சும்மா இருக்க, சீட்டும் பின்பக்கமும் அதிர்ந்தால் பின் சக்கரமாக இருக்கலாம். நடுக்கமாக இல்லாமல் "விர்ர்" என்று நுணுக்கமான அதிர்வாக இருந்தால், கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டைச் சந்தேகிக்கலாம். அது சக்கரத்தைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும். நாள் கணக்கில் நின்ற வண்டி, ஓட ஆரம்பித்துச் சில கிலோமீட்டர் வரை மட்டும் நடுங்கினால், டயர் தட்டையாகியிருந்து சூடேறியதும் சரியாகிறது என்று அர்த்தம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பள்ளத்தில் இறங்கிய முன் சக்கரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

டயரா ரிம்மா என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, கண்டிப்பாக ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கக் கூடாது. ஒரு மரக்கட்டையில் கெட்டியான கம்பித் துண்டைக் கட்டி, அதன் முனை ரிம் விளிம்பை ஒட்டினாற்போல நிற்கும்படி வையுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, கம்பி முனைக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியையே பாருங்கள். நல்ல ரிம்மில் அந்த வெளிச்சக் கீற்று ஒரே அளவாக இருக்கும். கோட்டம் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு முறை கீற்று மறைந்து, கம்பி "க்ரீச்" என்று உரசும். அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். மேலும் கீழுமாக ஆடுகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இதையே ரிம்மின் உள்பக்க விளிம்பிலும் செய்யுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். ஸ்போக்குகள் வெளிப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. உள்பக்க விளிம்புக்கு அந்த ஆதரவு இல்லை. பள்ளத்தில் அடிபட்டால் பெரும்பாலும் அதுதான் மடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் வீல் புதுசு போல இருக்கும். ஒரு மெக்கானிக் பெண்டு என்றும் இன்னொருவர் இல்லை என்றும் சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ரிம் சரியாக இருந்து டயரின் மேல்பரப்பு மட்டும் ஏறி இறங்கினால் கோளாறு டயரில். அப்போதும் உடனே டயரைத் தூக்கிப் போடாதீர்கள். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய வளையக் கோடு ஒன்று ஓடும். அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புக் கரைசல் தடவி, மறுபடி ஏற்றினால் சரியாகும். பக்கச் சுவரில் புடைப்பு இருந்தால் மட்டும் பேச்சே இல்லை. உள்ளே நூல் அறுந்திருக்கிறது, அந்த டயரில் ஓட்டக் கூடாது.

முடிவான அளவு, டயரைக் கழற்றிவிட்டு டயர் உட்காரும் பரப்பில் டயல் கேஜ் (நுணுக்கமான ஏற்றத்தாழ்வை முள்ளால் காட்டும் கருவி) வைத்து எடுப்பதுதான். விளிம்பில் மட்டும் சிறு சொட்டை இருந்து இந்தப் பரப்பு சரியாக இருக்கும் ரிம்களும் உண்டு. பொதுவாக அலாய் ரிம்முக்கு முக்கால் மி.மீ., இரும்பு ரிம்முக்கு ஒரு மி.மீ. அளவுக்குத்தான் ஏற்றத்தாழ்வு இருக்கலாம் என்பார்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவே கணக்கு.

சரி, பெண்டு எடுக்கலாமா? இரும்பு ரிம்மில் விளிம்பு மட்டும் மடங்கியிருந்தால் தாராளமாக எடுக்கலாம். நடுத்தட்டு கோணியிருந்தாலோ, நட்டுத் துளைகள் நீண்டு போயிருந்தாலோ, வெல்டிங் ஓரத்தில் விரிசல் தெரிந்தாலோ எடுக்கக் கூடாது. அலாய் வேறு மாதிரி. இரும்பு வளைந்து கொடுக்கும், அலாய் எளிதில் விரிசல் விடும். லேசான கோட்டத்தை, அதற்கென்றே பிரஸ் வைத்து, சூட்டை அளந்து செய்பவரிடம் நிமிர்த்தலாம். சம்மட்டியால் அடிப்பவரிடமும், கேஸ் டார்ச்சைக் கண்டபடி காட்டுபவரிடமும் கொடுக்காதீர்கள். நிமிர்த்தும் முன்னும் பின்னும் விரிசலுக்குச் சாயப் பரிசோதனை (கண்ணுக்குத் தெரியாத விரிசலில் சாயம் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும்) செய்யச் சொல்லுங்கள். விரிசலை வெல்டிங் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். அலாய்க்கு வலு வருவது அதைப் பதப்படுத்திய விதத்தால்; வெல்டிங் சூட்டில் அந்த இடம் இளகிவிடும். பாரம் ஏற்றும் வண்டியில் அப்படி ஒரு சக்கரத்தை நான் மாட்டவே மாட்டேன். டயரில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, பஞ்சரும் இல்லை என்றால், ரிம்மில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தலைமுடி போன்ற ஒரு கோட்டில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பினால் அந்த ரிம்மின் கதை முடிந்தது, புதிது வாங்கித்தான் ஆக வேண்டும்.

அளவு வரம்பை ஒட்டி நின்றால் செலவில்லாத ஒரு வழி உண்டு. டயரின் மேட்டை ரிம்மின் பள்ளத்தோடு பொருத்தி மாட்டினால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். புது டயர்களில் வரும் சிவப்புப் புள்ளி பெரும்பாலும் அந்த மேட்டைத்தான் காட்டுகிறது. மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வைப்பார்கள். உருளையை டயர் மேல் அழுத்தி அளக்கும் 'ரோடு ஃபோர்ஸ்' பேலன்சிங் இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் போனால் இந்த வேலையை அளந்தே செய்து தருவார்கள்.

திரும்ப மாட்டும்போது, ரிம் போய் உட்காரும் ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். அங்கே ஒரு துருச் செதில் மாட்டிக்கொண்டால் நல்ல ரிம்மும் கோணலாகத்தான் சுற்றும். நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) போடுங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறை சரிபாருங்கள். அப்புறம், லோடு ஏற்றும் நாட்களில் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துக் காற்று அடியுங்கள். காற்று குறைந்த டயரும் பாரமும் சேர்ந்தால் அடுத்த பள்ளத்தில் இன்னொரு ரிம் மடங்கும்.