கொட்டாங்குச்சி சுமக்கும் ஆக்டோபஸ்

கேள்வி: போன இதழில் ஆக்டோபஸைப் புத்திசாலி என்று எழுதியிருந்தீர்கள். நத்தைக்குச் சொந்தக்காரப் பிராணி அது, எலும்புகூடக் கிடையாது. பிறவிக்குணத்தில் செய்வதையெல்லாம் அறிவு என்பதா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நத்தைக்குச் சொந்தம்தான். ஆனால் சொந்தபந்தத்தை வைத்து ஓர் உயிரின் அறிவை எடைபோடுவதை ஏற்க மாட்டேன்.

அடுத்த முறை வேலூர் மீன் மார்க்கெட்டுக்கு வந்தால் ஒரு கணவாயைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். தோல் முழுக்கச் செம்பழுப்பில் ஊசிமுனைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு சாயப்பை. சுற்றியுள்ள தசை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பேய்க்கணவாய் என்று மீனவர்கள் சொல்லும் ஆக்டோபஸும் இப்படித்தான் நொடியில் நிறம் மாறுகிறது. இது பிறவியில் வந்தது, சரி.

இந்தோனேசியக் கடலடியில் நடப்பதை என்னவென்பீர்கள்? மனிதர்கள் உடைத்துப் போட்ட கொட்டாங்குச்சியை அங்கே ஒருவகை ஆக்டோபஸ் சேற்றிலிருந்து தோண்டி எடுக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை வெளியேற்றுகிறது. மூடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே உட்கார்ந்து, கைகளை விறைப்பாக ஊன்றித் தத்தித் தத்தி நடக்கிறது. 20 மீட்டர் வரை இப்படிச் சுமந்துபோனதைப் பார்த்த ஆய்வாளர்கள் 2009-இல் அதை எழுதினார்கள். சுமக்கிற நேரத்தில் அந்த மூடியால் அதற்கு ஒரு பாதுகாப்பும் இல்லை, வேகமும் குறைந்துவிடும். பிறகு எப்போதாவது ஆபத்து வந்தால் இரண்டு மூடியையும் சேர்த்து உள்ளே ஒளிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று கோடையில் இன்றைக்கே குடங்களை நிரப்பி வைப்பவரை விவரமானவர் என்கிறோமே!

இதை அதற்குத் தாய் சொல்லிக்கொடுக்கவும் வழியில்லை. முட்டைகளைக் காத்து, குஞ்சு பொரிக்கும் தருவாயில் தாய் செத்துப்போகிறது. பெரும்பாலான வகைகளுக்கு ஆயுளே ஓரிரு வருடம். அதற்குள் தானே பார்த்து, தானே தொட்டுக் கற்க வேண்டும். சாதாரண ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்புச் செல்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன.

அப்புறம் அந்த எலும்பு விஷயம். நியூசிலாந்தில் நேப்பியர் நகர மீன் காட்சியகத்தில் இங்க்கி என்றொரு ஆக்டோபஸ் இருந்தது. ஓர் இரவு மூடி லேசாகத் திறந்திருந்தது. தொட்டியிலிருந்து ஏறி, தரையில் ஊர்ந்து, வடிகால் குழாய்க்குள் புகுந்து கடலுக்கே போய்விட்டது. 2016-இல் செய்தி வெளியே வந்தது. எலும்பு இருந்திருந்தால் அந்தக் குழாய்க்குள் நுழைந்திருக்க முடியாது.