"அது" என்ற ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. நடமாட்டம் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. "அது" என்ற ஒரு சொல் மட்டும் வருகிறது, எல்லாவற்றுக்கும் அதுதான். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "என் மொழியின் எல்லைகளே என் உலகின் எல்லைகள்" என்று தத்துவஞானி விட்கன்ஸ்டைன் சொன்னதை எடுத்துச் சொல்லி, மாமாவின் உலகம் சுருங்கிவிட்டது என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மொழி போனால் சிந்தனையும் போய்விடுமா? அவர் சொல் கிடைக்காமல் தவிக்கும்போது நான் எடுத்துக்கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த வாக்கியம் விட்கன்ஸ்டைனுடையதுதான். உங்கள் அப்பாவைப் பற்றியது அல்ல. முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் இருந்துகொண்டே அவர் எழுதி, 1921-இல் வெளிவந்த நூலில் அது வருகிறது. எதைப் பொருளோடு சொல்லமுடியும், எதைச் சொல்லமுடியாது என்பதுதான் அங்கே பேச்சு. ஒருவரிடம் எத்தனை சொற்கள் மிஞ்சியிருக்கின்றன என்ற கணக்கு அதில் இல்லை. சொல்லில் அடங்காதவை உண்டு, அவை தம்மைக் காட்டிக்கொள்ளும் என்றும் அதே நூல் சொல்கிறது.

பிற்பாடு அவரே தன் பழைய கருத்துகளில் பலவற்றை விட்டு விலகினார். கேம்பிரிட்ஜில் அவருடைய நண்பர் ஸ்ராஃபா, இத்தாலியப் பொருளியலாளர். ஒரு வாக்கியமும் அது குறிக்கும் நிலைமையும் ஒரே தர்க்க வடிவம், அதாவது ஒரே உள்ளமைப்பு, கொண்டிருக்கவேண்டும் என்று விட்கன்ஸ்டைன் வாதிட்டபோது, ஸ்ராஃபா விரல்நுனிகளால் மோவாயின் அடியை வெளிப்புறமாகத் தடவிக் காட்டி, "இதற்கு என்ன தர்க்க வடிவம்?" என்று கேட்டாராம். நேப்பிள்ஸ்காரர்கள் அலட்சியத்தைக் காட்டும் சைகை அது. விட்கன்ஸ்டைன் இறந்தபின் 1953-இல் வந்த அவருடைய நூலின் முன்னுரையில் ஸ்ராஃபாவுக்குப் பெரிதும் கடன்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். அந்த நூலின் தொடக்கத்திலேயே ஒரு கொத்தனாரும் சித்தாளும் வருகிறார்கள். அவர்கள் மொழியில் மொத்தம் நாலே சொல்: கல், தூண், பாளம், உத்தரம். "பாளம்!" என்று குரல் கொடுத்தால் பாளம் வந்து சேர்கிறது. வேலை நடக்கிறது. சொல்லுக்கு உயிர் அந்த வேலையிலிருந்து வருகிறது.

உங்கள் அப்பாவின் "அது" ஒரு சுட்டு. சுட்டுச்சொல் தனியாக நின்றால் அதில் ஒன்றுமில்லை. கண் போகும் திசை, குரலின் ஏற்றம், எதிரே இருப்பவர், இத்தனையும் சேர்ந்துதான் அதை நிரப்புகின்றன. எனக்கு இது மிஞ்சிய சொற்களிலேயே மிகப் பெரிய சொல்லாகப் படுகிறது.

சிந்தனை பற்றிக் கேட்டீர்கள். 1861-இல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். பல ஆண்டுகளாக "டான்" என்ற ஓர் அசையைத் தவிர அவருக்கு அநேகமாக எதுவும் வரவில்லை. அங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று ப்ரோக்கா கேட்டார். அவர் கையை நாலு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். 21. மிகச் சரியான விடை. மறுநாளும் அதே கேள்வி, அதே விடை. மூன்றாம் முறை கேட்டபோது தன்னைப் பரீட்சை வைக்கிறார்கள் என்று புரிந்து கோபப்பட்டார். அந்தக் கோபத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உள்ளே ஒரு முழு மனிதர் இருந்தார்.

எல்லோருக்கும் பாதிப்பு ஒரே மாதிரி இருக்காது. சிலருக்குக் கேட்டுப் புரிந்துகொள்வதும் குறையும். பேச்சுப் பயிற்சி தருபவர் பார்த்துச் சொல்லட்டும்.

சொல்லை உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். காத்திருங்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம். தவிப்பு கூடினால், ஆமாம் இல்லை என்று தலையசைக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். "இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று மட்டும் எந்தப் பொருளையும் அவர் முன் நீட்டாதீர்கள்.