கையை எடுத்தும் ஊதும் ஓர்கன்

கேள்வி: எங்கள் தேவாலயத்தில் பாட்டன்மார் காலத்துச் சின்னக் குழாய் ஓர்கன் ஒன்று இருக்கிறது. மாரி தொடங்கினால் ஒரு கட்டை, விரலை எடுத்த பிறகும் ஊதிக்கொண்டே நிற்கும். துருத்தியிலும் காற்றுப் போகிறது. ரெக்சின் ஒட்டலாம், குழாய்களையும் மினுக்கலாம் என்கிறார் தச்சர். செய்விக்கலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: தச்சரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

மாரியில் மட்டும் ஊதினால் பெரும்பாலும் ஈரத்தில் வீங்கிய மரம்தான் காரணம். அந்தக் கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே கடதாசித் துண்டொன்றை விட்டுப் பாருங்கள். இறுகப் பிடிக்கிறதா? அதுதான் கோளாறு. இல்லையென்றால் காற்றுப்பெட்டிக்குள் இருக்கும் தோல் ஒட்டிய சின்ன மூடியைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு தும்போ பூச்சியின் இறகோ அகப்பட்டாலே போதும், சத்தம் நிற்காது. அவசரப்பட்டு மரத்தைச் சீவ வேண்டாம். பங்குனி வெயிலில் அது தானாகச் சுருங்கும். சீவியிருந்தால் பிறகு கட்டைகள் ஆடும்.

ரெக்சின் மடிப்பில் வெடிக்கும். மெல்லிய செம்மறித்தோலும் சூடாக்கிப் பூசும் வச்சிரப் பசையும்தான் சரி. வச்சிரத்தை வெந்நீர்ச் சூட்டில் இளக்கலாம். வெள்ளைப் பசை போட்டால் அடுத்தமுறை தோல் மரத்தோடுதான் பெயரும்.

குழாய்களை மினுக்கவே கூடாது. பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. மினுக்கத்தான் எல்லாருக்கும் ஆசை! வாய் விளிம்பு சற்று நெளிந்தாலே குரல் மாறிவிடும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் காணும். சுதி சேர்ப்பது கடைசி வேலை. அதையும் ஆராதனை நேரத்து வெக்கையிலேயே செய்யுங்கள். சூடு ஏறினால் சுதியும் ஏறும்.

சரி, அடிப்பலகையில் டோர்ச் அடித்துக் கறையான் பார்த்தீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.