நோயுள்ள கருவை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகளின் மூத்த பையனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ் என்ற, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறு. அடுத்த குழந்தைக்கு ஐவிஎஃப் செய்ததில் இரண்டு கருக்களில் அதே கோளாறு. ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்கிறார்களாம். மாப்பிள்ளை சரி என்கிறார், மகள் தயங்குகிறாள். அதிலிருந்து குழந்தை உண்டாக்கிவிடுவார்களோ? பாவமில்லையா?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: குழந்தை உண்டாக்க மாட்டார்கள் அம்மா. ஆராய்ச்சிக்குத் தந்த கருவைக் கருப்பையில் வைக்கவோ 14 நாளுக்கு மேல் வளர்க்கவோ பிரிட்டன் சட்டம் விடாது. ஐந்தாறு நாள் கருவின் உட்பக்கச் செல்களை எடுத்து வளர்ப்பார்கள்; எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய இவைதான் ஸ்டெம் செல்கள். எடுத்தபின் கரு இருக்காது, அதை மறைப்பானேன்?

அந்தச் செல்களில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவைத்தான் பார்ப்பார்கள். அதன் தொடக்கத்தில் சிஜிஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் பலருக்கு 30 முறை போல அடுத்தடுத்து வரும். 200-ஐத் தாண்டினால் மரபணு அணைந்து, மூளைக்கு வேண்டிய புரதம் வராமல் போகும்; அதுதான் ஃப்ரஜைல் எக்ஸ். எத்தனை முறை வருகிறது, மரபணுவை அணைக்கும் மெத்தில் என்ற வேதி முத்திரை விழுந்துவிட்டதா, தட்டில் வளர்ந்த நாட்களில் குரோமோசோம் ஏதும் கெட்டதா என்றெல்லாம் சோதிப்பார்கள்.

பேரனின் ரத்தத்திலேயே பார்க்கலாமே என்று தோன்றும். அவனுக்கு அணைந்து முடிந்துவிட்டதே! எப்போது அணைகிறது என்பதுதான் கேள்வி. 2007-இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் இப்படிப்பட்ட ஒரு கருவின் ஸ்டெம் செல்களைப் பார்த்தபோது மரபணு வேலை செய்துகொண்டிருந்தது; செல்கள் திசுக்களாக மாறத் தொடங்கிய பிறகே அணைந்தது. நோயாளியின் தோல் செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பியும் பார்த்தார்கள். அதில் அணைந்தது அணைந்தபடியே கிடந்தது. பின்னால் வந்த சில கருக்களின் செல்களிலோ ஆரம்பத்திலேயே அணைந்திருந்தது. ஒன்றிரண்டு கருவை வைத்து முடிவுக்கு வர முடியவில்லை, அதனால்தான் இன்னும் கேட்கிறார்கள்.

இதனால் பேரனுக்கு மருந்து வந்துவிடும் என்று நம்பிக் கொடுக்க வேண்டாம். கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். கருவைப் பயன்படுத்தும் வரை யாரும் மனம் மாறலாம். செல்களோடு பெயர் போகாது, ஆனால் டிஎன்ஏ உங்கள் குடும்பத்துடையது. யார் கைக்கெல்லாம் போகும் என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாவமா என்று அளக்க என்னிடம் கோலில்லை. கொடுக்காவிட்டாலும் அந்தக் கரு அழியத்தான் போகிறது. ஆனால் மகள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: மகளுக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் உங்களிடமிருந்தோ அவள் அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். இதைச் சுமப்பவர்களுக்கு வயதான பிறகு கைநடுக்கம், நடையில் தள்ளாட்டம் வரலாம். உங்கள் இருவரில் யாருக்காவது அப்படி இருந்தால் நரம்பு மருத்துவரிடம் பேரனைப் பற்றியும் சொல்லுங்கள். மகளுடன் பிறந்தவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும் முன் மரபணு ஆலோசகரைப் பார்க்கட்டும்.