பேஸ்ட் பூசியும் பாறை தட்டையாகத் தெரிகிறதே?

கேள்வி: முட்டம் கடற்கரைப் பாறைகளை போட்டோ பார்த்து கேன்வாஸில் அக்ரிலிக்கால் வரைந்தேன். எல்லாப் பாறைகளுக்கும் சொரசொரப்புக்காக மாடலிங் பேஸ்ட் என்ற கெட்டியான பசையைப் பூசியும் படத்தில் ஆழம் வரவில்லை. ஏன்?

பதில்: எல்லாப் பாறைகளுக்கும் பூசியதுதான் சிக்கல். சொரசொரப்பு பக்கத்தில் இருக்கும் பொருளில்தான் கண்ணுக்குப் படும். தூரத்துப் பாறையிலும் அது இருந்தால் அந்தப் பாறை முன்னால் வந்து நிற்கும். முன்னால் கிடக்கும் இரண்டு மூன்று பாறைகளோடு பேஸ்டை நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவற்றுக்கு பிரஷ் தடமே போதும். தொலைவில் உள்ளவை சாம்பல் நீலத்தில் வழவழவென்று இருக்கட்டும். முட்டத்துச் செம்மண் மேடு போட்டோவில் பளிச்சென்று இருந்தாலும், அதிலும் துளி நீலம் கலந்து அடக்குங்கள்.

பேஸ்டுக்கு முன்பே வெளிச்சம், நிழலை முடிவு செய்துவிட வேண்டும். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வெயில் படும் மேல்பக்கம், சரிவு, நிழல் விழும் பக்கம் என்று வெளிச்சமும் இருட்டும் மூன்று படிகளாகத் தெரியும். நிழலுக்குக் கறுப்பு ட்யூபைத் தொடாதீர்கள். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் இருளும் என்பதால், ஒரு படி வெளிறலாகவே கலக்குங்கள்.

இனி பாறையின் அடிப்பகுதி. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அலை நனைத்த இடம் காய்ந்த இடத்தைவிட நன்றாக இருண்டிருக்கும். ஆனால் அந்த ஈரத்தில் வானத்தைப் பார்த்திருக்கும் பகுதி மட்டும் வெளிர்நீலமாக மினுங்கும். இந்த இருண்ட பட்டையையும் மினுக்கையும் போட்டாலே பாறை தண்ணீரில் உட்கார்ந்துவிடும். நுரை பாறையைத் தொடும் ஓரத்தைக் காய்ந்த பிரஷால் தேய்த்து மழுப்புங்கள். நுரை முழுக்க வெள்ளை இல்லை. நிழல் பக்கம் சாம்பல் நீலம்தான். டைட்டானியம் வெள்ளையை வெயில் நேராக விழும் ஓரிரு இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடுவானக் கோடு கொஞ்சமும் சாயக்கூடாது. அதை நெருங்க நெருங்க அலைக்கோடுகள் மெலிந்து நெருங்கட்டும். அப்புறம், தொடுவானத்தை எங்கே வைப்பது? 1886இல் பிரான்சின் பெல்-ஈல் தீவில் பாறைகளை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, பல படங்களில் அதை மேல் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்தார். வானம் சுருங்கி, பாறையும் கடலுமே கேன்வாஸை நிறைத்தன. அடுத்த படத்தில் முயன்று பாருங்கள்.

இப்போதைய படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். பேஸ்ட் நன்றாகக் காய்ந்திருந்தால், தூரத்துப் பாறைகளை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கலாம். கேன்வாஸ் தொய்யாமல் பின்னால் ஒரு அட்டை கொடுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, தண்ணீராகக் கரைத்த சாம்பல் நீலத்தை மேலே ஒரு பூச்சு கொடுங்கள்.