கெமிஸ்ட்ரி ஆராய்ச்சிக்கு ஆரு காசு குடுக்கணும்?

தம்பி, கொம்பனிகள் குடுக்கிற காசு போதாதா, அரசாங்கம் ஏன் குடுக்கணும் எண்டு கேட்டிருந்தீங்க. உங்கட போன்ல இரிக்கிற லித்தியம் பற்றரியப் பாருங்க. 1970கள்ல எக்ஸோன் எண்ணெய்க் கொம்பனில விட்டிங்ஹாம் எண்ட விஞ்ஞானி அந்த ஆராய்ச்சியத் தொடங்கினவர், பிறகு கொம்பனி அதக் கைவிட்டிச்சு, 1980ல ஒக்ஸ்போர்ட் யூனிவசிட்டில குடினஃப் எண்ட விஞ்ஞானியும் ஆக்களும் பற்றரிக்குள்ள கோபால்ட் ஒக்சைட்டப் பாவிச்சுக் காட்டினாங்க, அதை வச்சி ஜப்பான் கொம்பனி அசாஹி கசெய்ல யோஷினோ 1985ல பற்றரியாக்கினார், 1991ல சோனி விக்கத் தொடங்கிச்சு. மூணு பேருக்கும் 2019ல நோபல்.

கொம்பனிக்கு லாபம் வேணும், அது பிழையில்ல. ஆனா வயலுக்குப் போடுற யூரியா மழையோட நம்மட மட்டக்களப்பு வாவிக்கு எவ்வளவு வருகுதெண்டு பார்க்க எந்தக் கொம்பனி வரும்? கல்லடிப் பாலத்தடில போத்தல்ல தண்ணி அள்ளி, ஐஸ் பெட்டில வச்சி லெப்புக்குக் கொண்டுபோய், யூரியா மண்ணுக்க மாறி வாற நைட்ரேட்ட மாசாமாசம் அளக்கணும். அதுக்குப் பொதுக்காசுதான் வேணும்.