சளியில் டி.பி. இல்லை என்று வந்த பிறகும் கண்ணுக்கு டி.பி. மருந்து எதற்கு?

அம்மாவுக்கு இருமல் இல்லை, சளிப் பரிசோதனையும் நெகட்டிவ், ஆனாலும் கண் டாக்டர் டி.பி. மாத்திரை எழுதுகிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆனது.

சளி ரிப்போர்ட் நுரையீரலைப் பற்றியது. கண்ணில் டி.பி. உள்ள பலருக்கு நுரையீரலில் ஒன்றும் இருக்காது. கண்ணுக்குள்ளிருந்து நீர் எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்தாலும் பெரும்பாலும் கிருமி சிக்காது, அவ்வளவு குறைவாக இருக்கும். அதனால் கண்ணின் உள்ளே தெரியும் புண், கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ அல்லது டி.பி. தொற்றைக் காட்டும் இக்ரா ரத்தப் பரிசோதனை, நெஞ்சு சி.டி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கண்ணை இதே போலப் பாதிக்கும் சிபிலிஸ், சார்காய்டோசிஸ் போன்ற வேறு நோய்கள் இல்லை என்பதையும் உறுதி செய்வார்கள். மான்டூ மட்டும் பாசிட்டிவ் என்றால் போதாது. நோயே இல்லாத பலருக்கும் நம் ஊரில் அது பாசிட்டிவாக வரும்.

அக்காவுக்கு முதலில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து மட்டும்தான் போட்டார்கள். போடும்வரை சிவப்பு குறையும், விட்டால் திரும்ப வரும். சேலத்தில் விழித்திரை டாக்டர் பார்த்த பிறகுதான் டி.பி. என்று தெரிந்தது. ஸ்டீராய்டு வேண்டியதுதான், அழற்சியை அதுதான் அடக்கும். ஆனால் டி.பி. மருந்தின் துணையில்லாமல் அதை மட்டும் கொடுத்தால் கிருமிக்கு வசதியாகிவிடும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும், அதனால் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கண் முன்பைவிட மோசமானது போலத் தோன்றலாம். சாகும் கிருமிக்கு உடல் காட்டும் எதிர்ப்பு அது. தயவுசெய்து அப்போது நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு குறைப்பார்கள். மொத்தம் ஆறு முதல் ஒன்பது மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது அந்த நான்கில் இன்னொன்றான எத்தாம்புட்டால். அது பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும். ஒவ்வொரு கண்ணாக மூடிக் காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். சிவப்பு எழுத்து வெளிறித் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நிறப் பார்வைப் பரிசோதனையும் அவ்வப்போது கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். டி.பி. நோயாளிகளுக்கான மத்திய அரசின் நிக்ஷய் திட்டத்தில் பதிந்தால் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. அப்புறம், நுரையீரலில் டி.பி. இல்லாமல் கண்ணில் மட்டும் இருந்தால் அது யாருக்கும் தொற்றாது. அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்காதீர்கள்.